உயரமான குன்று மட்டும் போதுமா?

"காட்டுத்தீயைக் கண்காணிக்கும் கோபுரத்தை இருப்பதிலேயே உயரமான குன்றில் கட்டிவிட்டால் ஆயிற்று. இதற்கு எதற்குக் கணினி?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனால் உச்சி தட்டையாகவும் அகலமாகவும் இருந்தால், குன்றின் சொந்தச் சரிவே அடிவாரத்தை மறைத்துவிடும்.

காட்டு நிர்வாகத்தில் ஜிஐஎஸ் எனும் புவித்தகவல் முறை மரவகை, ஓடை, பாதை, பழைய தீத்தடம் என்று ஒவ்வொன்றையும் தனி அடுக்காக வைத்து ஒன்றன்மேல் ஒன்று பொருத்தும். இது பலருக்கும் தெரிந்ததே. என்னைக் கவர்ந்தது உயர அடுக்கு. 2000ஆம் ஆண்டு எண்டெவர் விண்ணோடம் 11 நாள் பறந்து ரேடாரால் நிலப்பரப்பின் பெரும்பகுதியை அளந்தது. அந்தத் தரவில் நிலம் சுமார் 30 மீட்டர் கட்டங்களாகப் பிரிந்திருக்கும். கட்டத்துக்கு ஓர் உயரம்.

இப்போது கோபுரத்தில் நிற்கிறோம், கண் கடல்மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில். இனி வரும் உயரங்களும் கடல்மட்டத்திலிருந்தே. ஒரே திசையில், கிட்டத்திலிருந்து தொலைவுக்குக் கட்டம் கட்டமாகப் போவோம். உயர வித்தியாசத்தைத் தூரத்தால் வகுத்தால் சாய்வு. 1 கி.மீ.யில் 450 மீட்டர் மேடு: சாய்வு −0.05. 2 கி.மீ.யில் 300 மீட்டர் பள்ளம்: −0.1. முந்தையதைவிடக் குறைவு, எனவே மறைந்துவிட்டது. 4 கி.மீ.யில் 350 மீட்டர் சரிவு: −0.0375. கூடுதல், எனவே தெரியும். இதுவரை வந்ததில் பெரிய சாய்வு ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இதையே எல்லாத் திசையிலும் செய்தால் முழுக் காடும் ‘தெரியும்’, ‘தெரியாது’ என்று இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. எவ்வளவு எளிமை! அந்தப் பள்ளத்தில் தீப்பிடித்தால்? புகை 100 மீட்டர் எழும்பியதும் கண்ணில் படும். அதையும் இதே கணக்கு சொல்லிவிடும். தொலைவு கூடினால் பூமியின் வளைவையும் கழிக்க வேண்டும்: 10 கி.மீ.யில் சுமார் 8 மீட்டர், 20 கி.மீ.யில் 31.

ஒரு சிக்கல் உண்டு. அடர்ந்த காட்டில் ரேடார் தரைவரை போகாமல் மரக்கிளைகளிலேயே பட்டுத் திரும்பும். ஆகவே யாராவது நடந்துபோய்ச் சரிபார்த்தாக வேண்டும். மென்பொருளுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு இந்த நடைக்கு ஒதுக்காமல் விடுவது பெருந்தவறு என்பேன்.

சரி, இரண்டாவது கோபுரம் எங்கே? அடுத்த உயரமான குன்றில் அல்ல. முதல் கோபுரத்துக்குத் தெரியாத கட்டங்களில் மிக அதிகமானவற்றைப் பார்க்கும் இடத்தில். அது பெரும்பாலும் நாம் திரும்பியே பார்க்காத ஒரு சின்ன மேடாக இருக்கும்.