டிரெட்மில் மேல் நிற்கும் விமானம் பறக்குமா?

ஓடுதளம் முழுக்க ஒரு மாபெரும் டிரெட்மில். அதன் மேல் ஒரு விமானம். விமானம் முன்னே எந்த வேகத்தில் போகிறதோ, அதே வேகத்தில் அடியில் இருக்கும் பட்டை பின்னே ஓடும். பைலட் எஞ்சினை முழுவீச்சில் முடுக்குகிறார். விமானம் மேலெழும்புமா, இல்லை, நின்ற இடத்திலேயே சக்கரம் மட்டும் சுற்றிக்கொண்டிருக்குமா?

போன பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருந்தபோது இந்தக் கேள்வியை வீட்டில் எடுத்துவிட்டேன். லாரி ஓட்டும் என் மாமா ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. "பட்டை பின்னால இழுக்குது, சக்கரம் முன்னால ஓடுது. ரெண்டும் சரிக்குச் சரி. வண்டி எடத்த விட்டு நகராது. நகராத வண்டி எப்படிப்பா பறக்கும்?" என்றார். பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அவர் மகள், "இல்லப்பா, பறக்கும்" என்றாள். "எப்படி?" என்று அவர் கேட்டதும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. விடை தெரிந்திருந்தும் காரணம் வாய்க்கு வரவில்லை. இந்தக் கேள்வியில் படித்தவர்களும் அப்படித்தான் தடுமாறுகிறார்கள்.

மாமா சொன்னதில் பாதி முழுக்கச் சரி. அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். விமானத்தைத் தூக்குவது இறக்கையின் மேலும் கீழும் ஓடும் காற்று. இறக்கை அந்தக் காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. அதற்கு எதிர்வினையாக இறக்கை மேலே தள்ளப்படுகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். இந்தக் கணக்கில் தரையின் வேகம் எங்கேயும் வராது. சக்கரத்தின் வேகமும் வராது. காற்றுக்கும் இறக்கைக்கும் இடையே உள்ள வேகம் ஒன்றுதான் கணக்கு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். சிறிய விமானங்களை நிறுத்தும்போது கயிறு போட்டுத் தரையோடு கட்டிவைப்பதும் அதனால்தான். புயல் காற்றுக்கு, எஞ்சின் அணைந்து சும்மா நிற்கும் விமானத்தையே தூக்கிப் புரட்டும் பலம் உண்டு. ஆக, காற்று வீசாத நாளில், டிரெட்மில் மேல் விமானம் உண்மையிலேயே நின்ற இடத்தில் நின்றால் அது பறக்காது. எஞ்சின் எவ்வளவு அலறினாலும் பறக்காது.

ஆனால் அது நிற்குமா? சண்டை முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

மாமாவிடம் மாட்டு வண்டியைப் பற்றிக் கேட்டேன். ஒரு மாட்டு வண்டியின் சக்கரங்களுக்கு அடியில் மட்டும் பட்டை ஓடுகிறது. மாடுகள் இரண்டும் பட்டைக்கு முன்னால், கெட்டித் தரையில் நிற்கின்றன. பட்டை பின்னோக்கி ஓடுகிறது. மாட்டை ஓட்டினால் வண்டி நகருமா? "நகரும். மாடு தரையிலதானே நடக்குது? சக்கரம் கொஞ்சம் வேகமா சுத்தும், அவ்வளவுதான்." சரி, மாடுகளும் பட்டையின் மேலேயே நின்றால்? "அப்போ நகராது. நடந்துக்கிட்டே நிக்கும்."

அதேதான். வண்டியில் இரண்டு வகை உறுப்புகள் இருக்கின்றன. ஒன்று, தரையைப் பின்னே தள்ளி வண்டியை முன்னே கொண்டுபோவது: மாட்டின் கால். இன்னொன்று, பாரத்தைத் தாங்கிக்கொண்டு வெறுமனே கூட உருண்டு வருவது: வண்டிச் சக்கரம். கார், லாரி, பைக் எல்லாவற்றிலும் எஞ்சின் சக்கரத்தைச் சுற்றுகிறது. சக்கரம் தரையைத் தள்ளுகிறது. அங்கே சக்கரம் மாட்டின் கால். அதனால்தான் டிரெட்மில் மேல் ஓடும் மனிதனும், உருளைகளின் மேல் ஏற்றிச் சோதிக்கப்படும் காரும் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். விமானத்தின் சக்கரமோ வண்டிச் சக்கரம். எஞ்சினுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. எஞ்சின் முன்னால் இருக்கும் காற்றை வாங்கி, வேகம் கூட்டிப் பின்னால் வீசுகிறது. வீசிய காற்று எதிர்த்துத் தள்ளும் தள்ளலில் விமானம் முன்னே போகிறது. இந்த வண்டியின் மாடுகள் காற்றில் நடக்கின்றன. கீழே பட்டை எப்படி ஓடினாலும் அவற்றின் காலை வாரிவிட முடியாது.

மாமா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்போ ஏரோப்ளேன் சக்கரம் எப்பவும் நியூட்ரல்லயே கெடக்குதுன்னு சொல்லு" என்றார்.

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பழுதாகி நிற்கும் லாரியை நியூட்ரலில் போட்டு, கயிறு கட்டி இன்னொரு வண்டி இழுத்துப் போகிறதே, விமானம் எப்போதும் அந்த நிலையில்தான் ஓடுகிறது. விமான நிலையத்தில் ஜன்னல் வழியே பார்த்திருப்பீர்கள்: புறப்படும் விமானத்தை ஒரு குட்டை டிராக்டர் மூக்குச் சக்கரத்தைப் பிடித்துப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போகும். வானத்தில் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் எந்திரத்துக்குத் தானாக ரிவர்ஸ் எடுக்க ஒரு கியர் கிடையாது. சக்கரத்தைச் சுற்றுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

இதே காரணத்தால்தான் பனிக்கட்டி மேல் கார் வழுக்கி நின்றாலும் விமானம் புறப்பட்டுவிடுகிறது. அண்டார்க்டிகாவில், இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்குப் பக்கத்தில் நோவோ என்று ஒரு ஓடுதளம் இருக்கிறது. முழுக்கப் பனிக்கட்டி. கனரக சரக்கு விமானங்கள் அங்கே வழக்கமாக இறங்கி ஏறுகின்றன. தென்துருவத்துக்குப் போகும் ஹெர்குலிஸ் விமானங்கள் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டு போகின்றன. புறப்படத் தரையின் பிடி தேவை என்றால் இவை எதுவும் அங்கிருந்து திரும்பி வந்திருக்காது.

உங்களிடம் சக்கரம் வைத்த பெட்டி இருந்தால், அடுத்த முறை விமான நிலையத்தின் நகரும் நடைபாதை அருகே நீங்களே நினைத்துப் பார்க்கலாம். பெட்டி மட்டும் எதிர்த்திசையில் ஓடும் பட்டையின் மேல். நீங்கள் பக்கத்துத் தரையில். கைப்பிடியைப் பிடித்து நடந்தால் பெட்டி உங்களோடு வரும். அதன் குட்டிச் சக்கரங்கள் இன்னும் வேகமாகச் சுற்றும். வீட்டில் என்றால் ஒரு பாயை விரித்து, பொம்மைக் காரை வைத்து, பின்னால் விரலால் தள்ளிக்கொண்டே இன்னொருவரைப் பாயை இழுக்கச் சொல்லுங்கள். விரலுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது.

"ஒன்றும் தெரியாது" என்பதை எண்ணில் பார்த்தால்தான் நம்பிக்கை வரும். போயிங் 737-800 விமானம் முழு எடையில் ஏறத்தாழ 79 டன். அதன் இரண்டு எஞ்சின்களும் சேர்ந்து தரும் உந்துவிசை, டன் கணக்கில் சொன்னால், சுமார் 24. டயர் உருள்வதால் வரும் தடை, எடையில் நூற்றில் ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு இருக்கும். ஒரு டன்னைச் சற்றுத் தாண்டும். இதில் முக்கியமான விஷயம், சக்கரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றினால் இந்தத் தடை இரண்டு மடங்காகிவிடாது. அது பெரும்பாலும் எடையைப் பொறுத்தது. வேகத்தால் சிறிதளவே கூடும். ஒரு பேச்சுக்கு இரண்டு மடங்கானதாகவே வைத்துக்கொள்வோம். 24 டன் தள்ளலில் இன்னொரு டன் குறையும். ஓடுதளத்தில் கொஞ்சம் கூடுதல் தூரம் ஓடிவிட்டு விமானம் எழும்பிவிடும்.

நடைமுறையில் ஒரு சிக்கல் உண்டு; இந்த வாதத்தில் இறங்குபவர்கள் அதைக் கவனிப்பதில்லை. 737 மணிக்கு 260 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் எழும்புகிறது. பட்டை எதிர்த்திசையில் அதே 260-இல் ஓடினால் சக்கரம் 520 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுற்ற வேண்டும். அந்த விமானத்தின் டயர்கள் மணிக்கு 225 மைல், அதாவது சுமார் 360 கிலோமீட்டர் வரை தாங்கும் என்றுதான் சான்று பெற்றவை. உண்மையான 737-ஐ உண்மையான டிரெட்மில்லில் விட்டால் டயர் வெடிப்பதுதான் முதல் ஆபத்து. பட்டை பின்னே இழுத்து நிறுத்திவிடும் என்ற பயம் வேண்டாம். டயரைப் பற்றிய பயம் நியாயமானது.

சிறிய விமானத்துக்கு அந்தக் கவலையும் இல்லை. 2008 ஜனவரியில் அமெரிக்காவின் மித்பஸ்டர்ஸ் தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைச் செய்தே காட்டியது. ஓர் எடை குறைந்த அல்ட்ராலைட் விமானம். அதற்கு அடியில் ஏறத்தாழ 2,000 அடி நீளத் தார்ப்பாய். விமானம் எழும்பும் வேகமான மணிக்கு 25 மைலில் ஒரு டிரக் தார்ப்பாயை எதிர்த்திசையில் இழுத்தது. விமானம் நகராது என்றுதான் அதை ஓட்டிய பைலட்டே நினைத்திருந்தார். ஆனால் அது வழக்கம்போல முன்னே ஓடி வழக்கம்போல எழும்பியது. அந்த விமானத்தை ஓட்டியவருக்கே சக்கரம் பற்றிய பழைய எண்ணம் போகவில்லை என்றால், என் மாமாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறந்ததிலிருந்து நாம் நடந்தும் ஓட்டியும் பழகியதெல்லாம் தரையைத் தள்ளும் வண்டிகள்தாம்.

அப்படியும் சிலர் விடமாட்டார்கள். கேள்வியைச் சற்று மாற்றுவார்கள்: "பட்டை விமானத்தின் வேகத்துக்கு ஓடாது, சக்கரம் சுற்றும் வேகத்துக்குச் சமமாக ஓடும்." கேட்க ஒன்றுபோல இருக்கிறது, கேள்வியே வேறு. சக்கர விளிம்பின் வேகம் என்பது விமானத்தின் வேகத்தையும் பட்டையின் வேகத்தையும் கூட்டினால் வருவது. அது எப்போதும் பட்டையின் வேகத்துக்குச் சமம் என்று நிபந்தனை போட்டால், விமானத்தின் வேகம் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்ததாகிவிடுகிறது. விமானம் நகரக் கூடாது என்று முதலிலேயே சட்டம் போட்டுவிட்டு, நகருமா என்று கேட்பது நியாயமான கேள்வி இல்லை என்பது என் கருத்து.

இருந்தாலும் அதற்குள் ஓர் அழகான இயற்பியல் ஒளிந்திருக்கிறது. பட்டையால் விமானத்தை நிஜமாகவே பிடித்து வைக்க முடியுமா? ஒரு வழி உண்டு. சக்கரத்துக்கும் நிறை இருக்கிறது; அதன் சுழற்சியை வேகப்படுத்த விசை வேண்டும். பட்டை சீரான வேகத்தில் ஓடாமல் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால், சக்கரத்தை மேலும் மேலும் வேகமாகச் சுற்றவைக்கும் அந்த விசை அச்சு வழியாக விமானத்தைப் பின்னே இழுக்கும். விமானத்தின் சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து 700 கிலோ என்று வைத்துக்கொண்டு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 24 டன் உந்துவிசையை ஈடுகட்ட, பட்டையின் வேகம் ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 570 மீட்டர் வீதம் கூட வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர். முக்கால் நொடிக்குள் பட்டை ஒலியை முந்திவிட வேண்டும்! அதற்கு வெகு முன்பே, நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆவதற்குள், டயர் தன் எல்லையைக் கடந்திருக்கும். அத்தனை வேகத்தில் ஓடும் பட்டை, தன்னை ஒட்டிய காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடும். அந்தக் காற்று விமானத்துக்கு எதிர்க்காற்றாக வந்து தூக்கவே பார்க்கும்.

சக்கரத்தை வேகப்படுத்தும் இந்த விசை எவ்வளவு சிறியது என்பதை விமானத்தில் போனவர்கள் எல்லோரும் அறியாமலே அனுபவித்திருக்கிறார்கள். தரையிறங்கும் நேரத்தில் சக்கரம் சுற்றாமல் தொங்கிக்கொண்டு வருகிறது. மணிக்கு 240 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் தரை அதை வந்து தொடுகிறது. டயர் ஒரு கணம் தேய்ந்து வெண்புகை எழும். அதற்குள் சக்கரம் முழு வேகத்தைப் பிடித்துவிடும். விமானத்தின் கண்ணில் பார்த்தால், திடீரென்று முழு வேகத்தில் ஓடத் தொடங்கிய டிரெட்மில் அது. உள்ளே உட்கார்ந்திருக்கும் நமக்கு எது தெரிகிறது? கீழே மோதிய அதிர்வு தெரிகிறது. சற்றுப் பொறுத்து பிரேக் பிடித்ததும், வேகத்தைக் குறைக்க எஞ்சின் காற்றை முன்பக்கமாகத் திருப்பி உறுமியதும் உடம்பு முன்னே சரிகிறது. சக்கரம் சுழன்று எழுந்த அந்த நொடியை யாரும் தனியாக உணர்வதில்லை.

மாமா கடைசியாக ஒன்று கேட்டார். பட்டையை முன்பக்கமாக ஓட்டினால் ஓடுதளத்தைச் சின்னதாக்கிவிடலாமா? நியூட்ரலில் இருக்கும்வரை முடியாது. பட்டை அடியில் முன்னே ஓடும். விமானம் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். ஆனால் பைலட் பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் கதை மாறுகிறது. இப்போது சக்கரமும் விமானமும் ஒரே உடம்பு. பட்டை விமானத்தைச் சுமந்துகொண்டே ஓடும். டயரின் பிடியை எடையில் முக்கால் பங்கு என்று கொண்டால், எழும்பும் வேகத்தை எட்ட 400 மீட்டரே போதும். அந்த வேகம் வந்ததும் பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

"கிளட்ச் மாதிரி" என்றார் மாமா.

ஆமாம், அப்படித்தான்.