இருபத்து நான்கு சென்டிமீட்டர் காசிமேடு

காசிமேடு மீன்பிடித் துறைமுகம் விடிவதற்கு முன்பே விழித்துவிடும். ஐஸ் கட்டியை அரைக்கும் இயந்திரம், விசைப்படகின் டீசல் இன்ஜின், இவற்றுக்கு மேலே மீன் ஏலம் விடுபவரின் குரல். பழைய டேப் ரெக்கார்டர் ஒன்றில் அதைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். கேசட்டின் ஐந்து திருகுகளையும் கழற்றி, அந்தக் குரல் இருந்த இடத்தில் 24 சென்டிமீட்டர் நாடாவை வெட்டி, இரு முனைகளையும் ஒட்டி வளையமாக்கி உள்ளே வைத்தேன். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆகவே 24 சென்டிமீட்டர் என்பது ஐந்து நொடிக் காசிமேடு. அது முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும்.

கிடைத்த சத்தங்களையும் நாடாவையும் கொண்டு இசை செய்பவர்களை நான் மதிப்பது இதனால்தான். காற்றில் வந்து காற்றில் கரையும் ஒலி, அவர்கள் கையில் கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய ஒரு நீளமாக மாறிவிடுகிறது.

அந்த நாடா, 3.8 மில்லிமீட்டர் அகலமுள்ள பிளாஸ்டிக் பட்டை. அதன் மேல் பூசியிருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு, அதாவது துருவுக்கு நெருங்கிய உறவு. மைக் ஒலியை மின்னோட்டமாக மாற்றுகிறது. அந்த மின்னோட்டம் ‘ஹெட்’ எனப்படும் சிறு மின்காந்தத்துக்குள் பாய்கிறது. ஹெட்டில் உள்ள மிக நுண்ணிய இடைவெளியைக் கடக்கும் துகள்கள், அந்தக் கணத்தின் காந்தத்தை ஏற்றுக்கொண்டு நகர்கின்றன. 100 ஹெர்ட்ஸ் உறுமல் என்றால் ஓர் அலை நாடாவில் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். 10,000 ஹெர்ட்ஸ் கீச்சொலிக்கு 0.005 மில்லிமீட்டர்கூடத் தேவையில்லை. அது தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஹெட்டில் கொஞ்சம் தூசி படிந்தாலே பாட்டு மந்தமாகிவிடுவதும், நம் வீடுகளில் ஸ்பிரிட்டும் பஞ்சுமாக அதைத் துடைத்துக்கொண்டிருந்ததும் இதனால்தான்.

வெறும் நாடாவை ஓடவிட்டாலும் ‘ஸ்ஸ்’ என்று கேட்கும். கோடிக்கணக்கான துகள்கள் ஒழுங்கின்றிக் கிடப்பதன் ஓசை அது. பொறியாளர்கள் பல ஆண்டுகள் அதை ஒழிக்கப் போராடினார்கள். டோக்கியோவின் மசாமி அகிடாவோ 1979இல் தொடங்கி, மெர்ஸ்போ என்ற பெயரில், இரைச்சலையே இசையாகக் கேசட்டுகளில் பதிந்து அஞ்சலில் அனுப்பினார்.

இவர்களுக்கு முன்னோடி பாரிஸின் பியேர் ஷேஃபர். அங்குள்ள பத்தினோல் ரயில் நிலையத்தின் ஒலிகளை 1948இல் பதிவு செய்து, அவற்றைக் கொண்டே ஒரு படைப்பை உருவாக்கினார். அப்போது அவரிடம் இருந்தவை இசைத்தட்டுகள்தாம். நாடா பிறகு வந்தது. மணி அடிபடும் கணத்தை நீக்கிவிட்டால் மிச்ச ஒலி ஓபோ என்ற குழலைப் போலக் கேட்பதை அவர் கண்டார். பள்ளிக்கூடங்களில் மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டின் ஒலியை நானும் அப்படி வெட்டிப் பார்த்தேன். ‘டங்’ போனதும் இரும்பும் போய்விட்டது. எஞ்சியது சுருதிப் பெட்டியின் நீண்ட ஒலி. எது ஒலித்தது என்பதை நம் காது பெரும்பாலும் அந்தத் தொடக்கத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது.

வளையம் செய்யும் வேலை இதைவிட விந்தையானது. உளவியலாளர் டயானா டாய்ச், 1995இல், தன் பேச்சின் சில சொற்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டபோது அவை பாட்டாகக் கேட்பதை உணர்ந்தார். சொல்லின் பொருள் பழகிப்போனதும் மூளை அதன் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடரத் தொடங்கிவிடுகிறது. என் வளையத்திலும் பத்துப் பன்னிரண்டு சுற்றுகளில் விலை மறைந்து மெட்டு எழுந்தது. அந்த மனிதர் பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். நேரில் நின்றபோது நான் கேட்கவில்லை.

அடுத்து ராயபுரம். 1856இல் திறக்கப்பட்ட நிலையம் அது. தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். அங்கே பதிவு செய்யும் முன், பழையதை அழிக்கும் ‘அழிப்பு ஹெட்’டை ஒரு பிளாஸ்டிக் துண்டால் மறைத்தேன். ரயில் ஏலத்தின் மேல் படிந்தது. ஆனால் பதிவு ஹெட்டுக்குள் ஒலியுடன் சேர்த்துச் செவிக்கு எட்டாத ஓர் உயர் அதிர்வெண் மின்னோட்டமும் செலுத்தப்படுகிறது. புதியதைத் தெளிவாகப் பதிக்கும் அதே மின்னோட்டம் அடியில் இருப்பதைச் சிறிது அழித்தும்விடும். ஒவ்வொரு சுற்றிலும் பழைய ஒலி ஓரடி பின்னால் போய் நிற்கிறது. எந்தக் கணினி மென்பொருளிலும் எனக்கு இந்த ஆழம் கிடைத்ததில்லை.

ஒட்டும்போது நாடாவைச் சாய்வாக வெட்ட வேண்டும். நேராக வெட்டினால் சுற்றுக்கு ஒரு ‘டக்’ நிச்சயம்.

சில வாரங்களாக அந்த வளையம் ஓடுகிறது. ஹெட்டைத் துடைத்தால் பஞ்சில் பழுப்புத் தூள் ஒட்டுகிறது. நாடா கசங்கி ஹெட்டை விட்டு மயிரிழை விலகினாலும் குறுகிய அலைகள்தாம் முதலில் தொலையும். ஏலக் குரலின் சகரமும் தகரமும் போய்விட்டன. ரயிலின் ‘கிறீச்’சும் இல்லை. ஐஸ் இயந்திரத்தின் உறுமல் மட்டும், அதன் அலை நீளமானது என்பதால், முதல் நாள் கேட்டது போலவே கேட்கிறது.