பனங்காடையின் நீலமும் தேன்சிட்டின் கருப்பும்

பறவை பார்க்கவும் படமெடுக்கவும் கூட்டாகச் செல்பவர்களிடையே ஓயாத வாதம் ஒன்று உண்டு. ஒரே காலையில், ஒரே மின்கம்பியிலிருந்து எழுந்து பறந்த ஒரே பனங்காடையை இருவர் படமெடுத்திருப்பார்கள். ஒருவருடைய படத்தில் சிறகின் நீலம் கண்ணைப் பறிக்கும். மற்றவருடையதில் அது சாம்பல் பூத்துக் கிடக்கும். ஊதாத் தேன்சிட்டு என்றால் வாதம் இன்னும் முற்றும். ஒருவர் எடுத்தது வெறும் கருங்குருவியாகத் தெரிய, இன்னொருவர் எடுத்ததில் கழுத்து ஊதாவும் பச்சையுமாக மின்னும். மென்பொருளில் நிறத்தை ஏற்றிவிட்டதாகக் குற்றச்சாட்டு எழும். ஆனால் பெரும்பாலும் இரண்டு படங்களும் நேர்மையானவையே. வேறுபாட்டின் காரணம் இறகின் கட்டமைப்பிலும், அதன்மேல் ஒளி விழும் விதத்திலும் இருக்கிறது. அதுவும் பனங்காடைக்கு ஒரு காரணம், தேன்சிட்டுக்கு முற்றிலும் வேறொரு காரணம்.

பறவைகளின் நிறங்களில் பல, நிறமிகளால் வருபவை. கோடியக்கரைக்கு வரும் பூநாரையின் இளஞ்சிவப்பு, அது உண்ணும் சிற்றுயிர்களிலும் பாசிகளிலும் உள்ள கரோட்டினாய்டு என்ற நிறமிகளிலிருந்து கிடைக்கிறது. காகத்தின் கருப்பும் பருந்தின் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் ஆனவை. நிறமி ஒளியின் சில அலைநீளங்களை, அதாவது சில நிறங்களை, உறிஞ்சிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. எந்தத் திசையிலிருந்து பார்த்தாலும் அந்த மிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். நீலம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது. பறவை இறகுகளில் நீல நிறமி என்று எதுவும் இல்லை. மீன்கொத்தியின் நீல இறகை அரைத்துப் பொடியாக்கினால் நீலப் பொடி கிடைக்காது, மங்கிய கரும்பழுப்புத் தூளே மிஞ்சும். ஏனெனில் அந்த நீலத்தை உண்டாக்குவது பொருள் அன்று, அப்பொருள் அடுக்கப்பட்டிருக்கும் முறை. முறை குலைந்தால் நிறமும் போய்விடும்.

இறகின் நடுத்தண்டிலிருந்து இருபுறமும் கிளைகள் பிரிகின்றன. ஒவ்வொரு கிளையிலிருந்தும் மேலும் நுண்கிளைகள் பிரிகின்றன. பனங்காடை, மீன்கொத்தி போன்றவற்றின் நீலம் பிறக்குமிடம் கிளை. அதன் புறத்தோலுக்குக் கீழே, நம் நகத்திலும் முடியிலும் உள்ளதைப் போன்ற உறுதியான புரதமான கெரட்டின், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த நுரைபோல் அமைந்திருக்கிறது. அறைகளுக்கு இடையிலான தொலைவு நீல ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில், சில நூறு நானோமீட்டருக்குள் (ஒரு நானோமீட்டர், மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அடங்கும். இந்த நுரைக்கு அடியில் மெலனின் படலம் ஒன்று இருக்கிறது. நீலம் நுரையிலேயே திருப்பப்படுகிறது; ஊடுருவிச் செல்லும் மற்ற நிறங்களை மெலனின் விழுங்கிவிடுகிறது. மெலனின் இல்லாவிட்டால் அந்த ஒளியும் சிதறித் திரும்பி, நீலம் வெளிறிப்போகும்.

இந்த நுரை ஏன் நீலத்தை மட்டும் தேர்ந்தெடுக்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் சொல்லப்பட்ட விடை, வானம் நீலமாக இருப்பதற்கான விடையே: சிறு துகள்கள் குறுகிய அலைநீளங்களை அதிகமாகச் சிதறடிக்கின்றன என்பது. இதை ஐயுற்ற முதல் சிலரில் ஒருவர் சர் சி. வி. இராமன். ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றவர், 1934இல் எடுத்து ஆராய்ந்தது வேறெந்த அயல்நாட்டுப் பறவையையும் அன்று, நம் பனங்காடையின் இறகையே. ஒளி விழும் கோணத்தை மாற்றினால் இறகின் நிறமும் மாறுவதை அவர் கண்டார்; வெறும் சிதறலால் அது நிகழாது, ஒளி அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் குறுக்கிடுவதாலேயே நிகழும் என்று வாதிட்டார். சிதறலைக் கரைத்துக் குடித்த ஒருவரே 'இது அந்தச் சிதறல் அன்று' என்று சொன்னது கவனிக்க வேண்டிய செய்தி. 1970களில் டென்மார்க் ஆய்வாளர் யான் டிக், நீல இறகுகள் திருப்பும் ஒளியின் நிறமாலை, வானத்து நீலத்தைப்போல் புறஊதாவை நோக்கி ஏறிக்கொண்டே போகாமல் ஓர் இடத்தில் உச்சம் தொட்டு இறங்குவதைக் காட்டினார். 1998இல் அமெரிக்கப் பறவையியலாளர் ரிச்சர்டு பிரம் குழுவினர், மின்நுண்ணோக்கிப் படங்களைக் கணித முறையில் பகுத்து, காற்றறைகள் தாறுமாறாகக் கிடப்பவை அல்ல என்பதை நிறுவினர்.

அவை படிகம்போல் நேர்வரிசையில் நிற்பவையும் அல்ல. ஒவ்வோர் அறைக்கும் அதன் அண்டை அறைக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கிறது. சற்றுத் தள்ளிப் பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியாது. இந்த அரைகுறை ஒழுங்கில்தான் சூட்சுமம் இருக்கிறது. அண்டைத் தொலைவு ஒரே அளவாக இருப்பதால் நீல அலைகள் மட்டும் ஒத்திசைந்து வலுப்பெறுகின்றன. எல்லாத் திசைகளிலும் அத்தொலைவு அதே அளவாக இருப்பதால், நாற்புறமிருந்தும் ஒளி விழும் திறந்தவெளியில், எங்கிருந்து பார்த்தாலும் அதே நீலம் தெரிகிறது. இராமன் கண்ட கோண வேறுபாடு, ஒரே திசையிலிருந்து ஒளியைப் பாய்ச்சும்போது வெளிப்படுவது. வளரும் இறகுச் செல்லுக்குள் கெரட்டினும் நீரும் தாமாகவே பிரிந்து இந்த அமைப்பு உருவாகிறது, பின்னர் நீர் வற்றிக் காற்று புகுகிறது என்பது இப்போதைய விளக்கம்.

ஆகவே பனங்காடைப் படத்தில் நீலம் மாறினால் கோணத்தைக் குறைசொல்வதில் பயனில்லை. விழுந்த ஒளியையும் கேமராவையும்தான் பார்க்க வேண்டும். படமெடுப்போர் தவம் கிடக்கும் பொன்னிற அதிகாலை வெயிலில் நீலக்கூறு குறைவு. கீழ்வானிலிருந்து வரும் ஒளி நெடுந்தூரம் காற்றைக் கடப்பதால் நீலம் வழியிலேயே சிதறிவிடுகிறது. திருப்பி அனுப்ப இறகுக்குக் கிடைப்பதே சொற்பம். வெயில் ஏறியபின் நேர்மாறான தொல்லை. மீன்கொத்தியின் முதுகில் கேமராவின் நீலப் பதிவு (நீலச் சானல்) மட்டும் நிரம்பி வழிந்து, இறகின் வரிகள் அழிந்து ஒரே திட்டாகிவிடும். மொத்த ஒளியளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் இதை மறைத்துவிடக்கூடும். மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாகப் பார்த்து, ஒளியைச் சற்றுக் குறைத்து, கேமரா பதிந்ததை மெருகேற்றாமல் அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுப்பதே வழி. கேமராவில் ஒளியை உணரும் வழக்கமான சென்சாரில் நான்கில் ஒரு புள்ளியே நீலத்துக்கு உரியது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

தேன்சிட்டின் கதை வேறு. அங்கே நிறம் பிறப்பது நுண்கிளைகளில். மெலனின் துணுக்குகள் கெரட்டினோடு மாறிமாறி ஒழுங்கான அடுக்குகளாக அமைந்திருக்கின்றன. மழைநீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் வானவில் தெரிவதும் இதே குறுக்கீட்டினால்தான், இங்கே படலங்கள் பல. மயிலில் மெலனின் கோல்கள் கட்டம்கட்டமாக நிற்கின்றன. கோல்களுக்கு இடையிலான தொலைவு ஏறத்தாழ பத்து நானோமீட்டர் மாறினாலே நீலம் பச்சையாகிவிடும் என்று 2003இல் சீன ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். அடுக்குகளின் ஒழுங்கு கண்ணாடியைப்போல் திசை பார்த்து ஒளியைத் திருப்புவதால், உரிய கோணத்தில் இருப்பவருக்கே நிறம் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிவது அடியிலுள்ள மெலனினின் கருப்பு. பார்வை சாயச்சாய நிறம் குறுகிய அலைநீளங்களை நோக்கி நகரும் என்பதும் இவ்வகைக்கு உரியது.

எனவே தேன்சிட்டுக்கு இடம்தான் எல்லாம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து, ஒளி வரும் திசைக்கும் லென்ஸ் நோக்கும் திசைக்கும் இடையிலான கோணம் சிறிதாக இருக்கும்போது வாய்ப்பு அதிகம். பறவை தலையை இம்மி திருப்பினாலும் போதும், தொடர்ச்சியாக எடுத்த படங்களில் ஒன்றில் கருத்திருக்கும் தொண்டை அடுத்ததில் ஊதாவாக எரியும். இதற்காகவே சிலர் ஃப்ளாஷைக் கூட்டருகில் வைத்து வெடிக்கிறார்கள். ஒரு மினுக்கத்துக்காக அடைகாக்கும் பறவையை வெருட்டுவது எனக்கு உடன்பாடானதன்று.

நிறத்தைக் கொண்டு இனம் காண்பதிலும் இந்த வேறுபாடு குறுக்கிடுகிறது. ஊதாத் தேன்சிட்டும், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய லோட்டன் தேன்சிட்டும் பறவைக்குப் பின்னாலிருந்து வரும் எதிரொளியில் ஒன்றுபோல் கருப்பாகவும், நேரொளியில் ஒன்றுபோல் ஊதாவும் பச்சையுமாகவும் படத்தில் விழும். லோட்டனின் அலகு நீண்டு, நன்றாக வளைந்திருக்கும்; ஆணின் வயிறு பழுப்பு. அந்தப் பழுப்பு நிறமியால் ஆனது என்பதால் கோணத்துக்கு ஏற்ப மாறாது. அலகின் நீளமோ எந்த வெளிச்சத்திலும் நிழலுருவிலேயே தெரிந்துவிடும். ஐயமான படத்தைக் குழுவில் பகிரும்போது, மின்னும் தொண்டையை மட்டும் வெட்டி அனுப்பாமல், அலகும் வயிறும் தெரியும் படத்தையும் சேர்த்து அனுப்பினால் வாதம் பாதியிலேயே தீர்ந்துவிடும்.