காயம்பட்ட படைவீரரின் மேசைக்கு உதவித் தொழில்நுட்பம் வந்துசேரும் வழி

ஓர் அரசு ஊழியரின் பார்வை பாதியில் மங்கிவிட்டால், அவருக்கு எந்தக் கருவி பொருந்தும் என்ற கேள்விக்கு முன்பே, அதற்கு யார் பணம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. செலவு அவர் பணிபுரியும் பிரிவின் தலையில் விழுமானால், மாற்றுத்திறனாளி ஒருவரைப் பணியில் சேர்க்கும்போதே மேலதிகாரியின் மனத்தில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1990 ஆம் ஆண்டில் தொடங்கிய, ‘கேப்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் கணினி மற்றும் மின்னணு வசதியளிப்புத் திட்டம், முதலில் கைவைத்தது இந்த இடத்தில்தான். கருவிகளை ஒரே பொதுநிதியிலிருந்து வாங்கி ஊழியருக்கு வழங்கியதால், அவருடைய பிரிவுக்கு ஒரு டாலர்கூடச் செலவில்லை என்ற நிலை உருவானது. 2000 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம், இந்த உதவியைப் பாதுகாப்புத் துறைக்கு வெளியே உள்ள பிற கூட்டாட்சி அலுவலகங்களுக்கும் விரிவுபடுத்த வழிசெய்தது. 2006 ஆம் ஆண்டுச் சட்டம், போரில் காயமடைந்த படைவீரர்கள் தமக்கு அளிக்கப்பட்ட கருவிகளைப் படையிலிருந்து விலகிய பின்னும் தம்மிடமே வைத்துக்கொள்ள இடமளித்தது.

நிதி கிடைத்துவிட்டால் அடுத்து வருவது பொருத்தம் பார்ப்பது. பார்வைக் குறைபாடு என்ற ஒரே பெயரின் கீழ் வருகிற இரண்டு பேருக்கு முற்றிலும் வேறுபட்ட கருவிகள் தேவைப்படலாம். எழுத்துகளைப் பெரிதாக்கினால் படிக்க முடிகிறவருக்கு உருப்பெருக்கும் மென்பொருள் போதும் என்று தோன்றும். ஆனால் எட்டு மடங்கு பெரிதாக்கும்போது நீளத்திலும் அகலத்திலும் எட்டில் ஒரு பங்குதான் கண்ணுக்குத் தெரியும். அதாவது திரையின் பரப்பில் 64 இல் ஒரு பங்கு. அகலமான கணக்கு அட்டவணையில் நாள் முழுவதும் வேலை செய்பவர், தாம் எந்த வரிசையில் இருக்கிறோம் என்பதையே தொலைத்துவிடுவார். அவருக்குப் படிப்பதைவிடக் கேட்பதே விரைவானதாக இருக்கும். மருத்துவச் சான்றிதழைப் பார்த்து இதை முடிவுசெய்ய இயலாது. அவர் செய்யும் வேலையைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். பென்டகன் கட்டடத்துக்குள்ளேயே இத்திட்டத்துக்கென ஒரு கருவி மதிப்பீட்டு மையம் அமைக்கப்பட்டு, ஊழியர்கள் வெவ்வேறு கருவிகளைக் கையாண்டு பார்த்துத் தேர்ந்தெடுக்க ஏற்பாடு செய்யப்பட்டதன் காரணம் இதுவே.

கேட்டுப் படிப்பவருக்கு உள்ளது, திரையில் இருப்பதைப் பேசிக் காட்டும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள். பெயர் உணர்த்துவதுபோல் அது திரையைப் பார்ப்பதில்லை. அதற்குக் கண் கிடையாது. இயங்குதளம் ஒவ்வொரு செயலியின் சாளரத்துக்கும் பின்னால் ஒரு பட்டியலை வைத்திருக்கிறது. திரையில் உள்ள ஒவ்வொரு உறுப்புக்கும் அதன் பெயர் என்ன, அது பொத்தானா உரைப்பெட்டியா தேர்வுக்கட்டமா, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்ற மூன்று விவரங்கள் அதில் இருக்கும். பயனர் டேப் விசையை அழுத்தியதும் திரைவாசிப்பான் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, “விடுப்பு தொடங்கும் நாள், உரைப்பெட்டி, காலி” என்று பேசுகிறது. மென்பொருளை எழுதியவர் ஒரு பொத்தானுக்குப் படத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் பெயர் கொடுக்க மறந்திருந்தால், திரைவாசிப்பான் வெறுமனே “பொத்தான்” என்று சொல்லி நின்றுவிடும். அது சேமிக்கும் பொத்தானா, அழிக்கும் பொத்தானா என்பதை அழுத்திப் பார்த்துத்தான் அறிய வேண்டும். சம்பளப் பட்டியலிலோ மருத்துவப் பதிவேட்டிலோ அப்படி அழுத்திப் பார்க்க யாருக்குத் துணிவு வரும்?

இன்னொரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். பழகிய பயனர்கள் பலர் சாதாரணப் பேச்சைவிட இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் கேட்கிறார்கள். அந்த வேகத்தில் மனிதக் குரலின் பதிவிலிருந்து உருவான இனிய குரல்கள் மழுங்கிப்போகின்றன. கணிதச் சூத்திரத்தால் ஒலியதிர்வுகளைக் கட்டியெழுப்பும் பழைய இயந்திரக் குரல்களோ தெளிவாகவே நிற்கின்றன. புதியவர்களின் காதுக்கு முரட்டுத்தனமாக ஒலிக்கும் அந்தக் குரலைப் பலர் விரும்பித் தேர்ந்தெடுப்பதன் காரணம் இதுதான்.

காதால் கேட்பது எல்லாவற்றுக்கும் போதாது. ஒரு கோப்பு எண்ணில் கோடு எங்கே வருகிறது, ஒரு பெயரின் எழுத்துக்கூட்டு சரியா என்பதை விரல்தான் உறுதியாகச் சொல்லும். அதற்கென உள்ளது, பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் புள்ளியெழுத்தைக் காட்டும், புள்ளிகள் மாறிக்கொண்டே இருக்கும் பிரெய்ல் காட்சிப்பலகை. விசைப்பலகைக்கு முன்னால் வைக்கப்படும் இந்த நீளமான பட்டையில், பெரும்பாலும் 40 எழுத்துகளுக்கு இடம் இருக்கும். ஒவ்வோர் எழுத்துக்கும் 8 புள்ளிகள். ஆக 320 சிறு ஊசிகள். ஒவ்வோர் ஊசியும் ஒரு மெல்லிய பீங்கான் கீற்றின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது. இது மின்னழுத்தம் செலுத்தினால் வளையும் இயல்புள்ள பீசோ மின்பீங்கான். ஏறத்தாழ 200 வோல்ட் செலுத்தியதும் கீற்று மேல்நோக்கி வளைந்து, ஊசியை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. மின்னழுத்தம் அதிகமாகத் தோன்றினாலும் ஓடும் மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால் விரலுக்கு ஆபத்தில்லை. 320 கீற்றுகளும் தனித்தனியே, ஒரே உயரத்தில், ஒரே உறுதியோடு எழ வேண்டும் என்பதால்தான் இந்தக் கருவியின் விலை சில ஆயிரம் டாலர்களுக்குச் செல்கிறது. ஒரு பிரிவின் சிறிய நிதி ஒதுக்கீட்டிலிருந்து இதை வாங்கித் தருவார்கள் என்று எதிர்பார்ப்பது கடினம். பொதுநிதியின் அருமை இங்கேதான் தெரிகிறது.

ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் இந்தத் திட்டத்தின் முன் வேறொரு வகையான காயத்தைக் கொண்டுவந்து நிறுத்தின. வெடிகுண்டின் அதிர்ச்சியலையாலும் தலையில் விழும் அடியாலும் ஏற்படும் மூளைக்காயம் வெளியே தெரிவதில்லை. மண்டையோட்டுக்குள் மூளை குலுங்கும்போது, அதன் பகுதிகளை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டுச் சேதமடைகின்றன. அந்த வீரர் நடப்பார், பேசுவார். ஆனால் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோயிருக்கும், ஒரு கூட்டத்தில் சொன்னது அடுத்த அறைக்குப் போவதற்குள் நழுவியிருக்கும். ஒளிரும் திரை தலைவலியைக் கிளப்பும். சோம்பல் என்றும் அக்கறையின்மை என்றும் இதைத் தவறாகப் புரிந்துகொள்வது எவ்வளவு எளிது என்பதை நினைத்தாலே வருத்தமாக இருக்கிறது.

இத்தகையவர்களுக்கு உதவும் கருவிகளுள் ஒன்று, ஒலியைப் பதிவுசெய்யும் பேனா. அதன் முனைக்கு அருகில் அகச்சிவப்பு ஒளியில் இயங்கும் சிறு கேமரா இருக்கிறது. அதற்கென அச்சிட்ட தாளில், கண்ணுக்குச் சாம்பல் நிறச் சாயல்போல் மட்டுமே தெரியும் மிக நுண்ணிய புள்ளிகள் பரவியிருக்கின்றன. அவற்றின் அமைப்பு இடத்துக்கு இடம் வேறுபடுவதால், பேனா தாளின் எந்த மூலையில் இருந்தாலும் தன் இடத்தைத் துல்லியமாகக் கணித்துவிடும். எழுதப்படும் ஒவ்வொரு கோட்டோடும் அந்த நொடியில் ஒலித்த பேச்சு சேர்த்துப் பதிவாகிறது. கூட்டத்தில் ‘புதன், அறிக்கை’ என்ற இரண்டு சொற்களை மட்டும் கிறுக்கிவைத்தவர், மாலையில் அந்தச் சொல்லின் மேல் பேனா முனையைத் தட்டினால், அதை எழுதியபோது அதிகாரி பேசியது திரும்ப ஒலிக்கும். நினைவில் வைப்பது, கேட்பது, எழுதுவது ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டிய சுமையிலிருந்து மூளைக்கு விடுதலை கிடைக்கிறது.

செவித்திறன் இழப்பும் காதிரைச்சலும் அமெரிக்க முன்னாள் படைவீரர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும், பணியால் விளைந்த குறைபாடுகள். உட்காதின் நுண்மயிர்ச் செல்கள் மனிதர்களிடம் மீண்டும் வளர்வதில்லை என்பதால், ஒலியைப் பெருக்கும் தொலைபேசிகளும் எதிர்முனைப் பேச்சை எழுத்தாகக் காட்டும் கருவிகளும் அவர்களுக்கு நீண்டகாலத் துணையாகின்றன.

கைகளை இழந்தவர்களுக்கும் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்களுக்கும் வாயால் ஊதியும் உறிஞ்சியும் இயக்கும் குழாய், பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள், விழியைப் பின்தொடரும் கருவி என்று பல வழிகள் உண்டு. விழியைப் பின்தொடரும் கருவி, கண்ணின் மேல் அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சி, கண்ணின் முன்புறத்தை மூடியுள்ள ஒளிபுகும் படலத்தில் தெரியும் ஒளிப்பொட்டுக்கும், கண்ணின் நடுவிலுள்ள கரிய துளையான பாவையின் மையத்துக்கும் உள்ள இடைவெளியைக் கேமராவால் அளக்கிறது. கண் திரும்பினால் பாவையின் மையம் இடம்பெயரும், ஒளிப்பொட்டு பெரும்பாலும் அங்கேயே நிற்கும். அந்த வேறுபாட்டிலிருந்து பார்வை திரையில் எங்கே விழுகிறது என்பது கணிக்கப்படுகிறது. ஆனால் பார்த்த இடத்தையெல்லாம் அழுத்தியதாகக் கொண்டால் வேலையே நடக்காது. ஆகவே, ஓரிடத்தில் பார்வை குறிப்பிட்ட நேரம் தங்கினால்தான் அது சொடுக்காகக் கொள்ளப்படும். அந்த நேரத்தை ஒவ்வொருவரின் சோர்வுக்கும் வேகத்துக்கும் ஏற்ப நிர்ணயிக்க வேண்டும். வாரக்கணக்கில் பழக வேண்டும். கருவியைக் கையோடு கொண்டுபோக இடமளித்த 2006 ஆம் ஆண்டு விதியை நான் மிக முக்கியமானதாகக் கருதுவது இதனால்தான். மருத்துவமனையில் சிரமப்பட்டுக் கற்ற கருவியைப் படையிலிருந்து விலகும் நாளில் திருப்பி வாங்கிக்கொண்டால், அந்தப் பயிற்சியையும் சேர்த்தே பறித்ததாகிவிடும்.

இவ்வளவும் இருந்தும், அலுவலக மென்பொருள் ஒத்துழைக்காவிட்டால் கருவி ஊமையாகிவிடும். 1973 ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 508 ஆம் பிரிவு, 1998 இல் திருத்தப்பட்ட வடிவில், கூட்டாட்சி அரசு வாங்கும், உருவாக்கும், பயன்படுத்தும் தகவல் தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளுக்கும் பயன்படத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் தரநிலைகள் 2017 இல் புதுப்பிக்கப்பட்டன. படைத்துறை வலையமைப்பில் இன்னொரு தடையும் உண்டு. திரைவாசிப்பான் பிற செயலிகளின் உள்விவரங்களைப் படித்தாக வேண்டும். பாதுகாப்பு மென்பொருளின் பார்வையில் அது ஓர் உளவு நிரலின் நடத்தையைப் போன்றதே. அதனால் இத்தகைய மென்பொருள் முன்கூட்டியே பாதுகாப்பு ஒப்புதல் பெற்றாக வேண்டும். புதிய பதிப்பு வரும்போதும் இதே பிரச்சினை வரும். அலுவலகச் செயலி புதுப்பிக்கப்பட்ட காலையில் திரைவாசிப்பான் திடீரென்று பேசாமல் போனால், அந்த ஊழியருக்கு அன்றைய வேலை நின்றுவிடும். புதுப்பிப்பை எல்லோருடைய கணினிக்கும் அனுப்புவதற்கு முன், சுட்டியைக் கழற்றிவைத்து, விசைப்பலகையையும் திரைவாசிப்பானையும் மட்டும் கொண்டு ஒரு படிவத்தை முழுவதுமாக நிரப்பிப் பார்ப்பது இதைத் தடுக்கும் எளிய சோதனை. அதைச் செய்ய வேண்டியவர் கருவியைப் பயன்படுத்தும் ஊழியர் அல்லர். மென்பொருளை வாங்கவும் நிறுவவும் பொறுப்பேற்ற தகவல் தொழில்நுட்பப் பிரிவினர்.