பதின்மூன்று கணக்குப் புத்தகங்கள்

1786 ஆகஸ்ட் மாதக் கடைசியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்தாம்ப்டன் ஊரில் விவசாயிகள் திரண்டு வந்து நீதிமன்றத்தை நடக்கவிடாமல் தடுத்தார்கள். அந்தக் கிளர்ச்சிக்குப் பெயர் கொடுத்த டேனியல் ஷேய்ஸ், பிரிட்டனுக்கு எதிரான அமெரிக்க விடுதலைப் போரில் கேப்டனாக இருந்தவர். அவரோடு நின்றவர்களில் முன்னாள் படைவீரர்கள் நிறையப் பேர். போரின்போது அவர்களுக்குச் சம்பளமாகக் கிடைத்தது பெரும்பாலும் கடன் சீட்டுதான். வயிற்றுப்பாட்டுக்காக அதை வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். மலிவாக வாங்கி வைத்திருந்த நகரத்து வணிகர்களுக்கு அசலும் வட்டியும் கொடுக்க மாநில அரசு வரி போட்டது. வரியைத் தங்க, வெள்ளி நாணயமாகக் கட்டச் சொன்னது. நாணயமே புழங்காத மேற்குக் கிராமங்களில் நிலமும் மாடும் ஜப்திக்குப் போயின. தான் விற்ற சீட்டுக்குத் தானே வரி கட்ட வேண்டியிருந்தது அந்த வீரனின் நிலை.

போர்க்கடன் ஒரு நாட்டை எப்படி உள்ளிருந்து அரிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அன்றைய அமெரிக்காவில் பதின்மூன்று மாநிலங்களும் பதின்மூன்று கணக்குப் புத்தகங்கள் வைத்திருந்தன. எல்லோருக்கும் பொதுவான மன்றமான காங்கிரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லை. மாநிலங்களிடம் கேட்டு வாங்கத்தான் முடியும். இறக்குமதிக்கு 5 சதவீதச் சுங்கம் என்ற 1781-ஆம் ஆண்டு யோசனைக்கு எல்லா மாநிலங்களின் சம்மதமும் தேவைப்பட்டது. ரோட் தீவு ஒன்று மறுத்ததும் அது செத்தது. போர்க்காலத்தில் காங்கிரஸ் அச்சிட்ட காகிதப் பணம் 20 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. பிற்பாடு 1790-ஆம் ஆண்டுச் சட்டம் நூறு காகித டாலருக்கு ஒரு டாலர் என்று அதற்கு விலை வைத்தது.

1789-ல் புதிய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது ஒரு விசித்திரம் நேர்ந்தது. இறக்குமதிச் சுங்கம் மாநிலங்களின் கையைவிட்டு மத்திய அரசுக்குப் போனது. அன்றைய பொருளாதாரத்தில் வலிக்காமல் வசூலிக்கக்கூடிய ஒரே வரி அதுதான். சரக்கு சில துறைமுகங்கள் வழியாகவே வரும். அதைக் கொண்டுவரும் வணிகரிடம் கையில் காசு இருக்கும். வரி பிறகு சரக்கின் விலையோடு கரைந்துவிடும். வீடு வீடாகப் போய்த் தலைக்கும் நிலத்துக்கும் வரி கேட்கும் வேலையோடு இதை ஒப்பிடவே முடியாது. ஆனால் வருமானம் இடம் மாறியபோது போர்க்கடன் மாநிலங்களிடமே தங்கிவிட்டது. நல்ல கிணறு ஒருவரிடம், தாகம் இன்னொருவரிடம்.

முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் 1790 ஜனவரியில் கொடுத்த அறிக்கையின் சாரம், கடனையும் வருமானம் போன இடத்துக்கே அனுப்பிவிடுவது. மத்திய அரசின் கடன் சுமார் 5.4 கோடி டாலர். மாநிலங்களின் கடன் 2.5 கோடி என்பது அவர் மதிப்பீடு. இரண்டையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, பழைய சீட்டுகளுக்குப் பதிலாகப் புதிய மத்தியக் கடன்பத்திரங்கள் தருவது திட்டம். இதில் ஒரு சாமர்த்தியமும் ஒளிந்திருந்தது. புதிய பத்திரங்களில் ஒரு பகுதிக்கு 6 சதவீத வட்டி உடனே கிடைக்கும். இன்னொரு பகுதிக்கு வட்டி 1801-லிருந்துதான். பாக்கி நின்ற பழைய வட்டிக்கு 3 சதவீதப் பத்திரம். மொத்தத்தில் அரசு தர வேண்டிய வட்டி குறைந்துவிட்டது. கடன் கொடுத்தவர்கள் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்றால், தாளில் எழுதிய ஆறு சதவீதத்தைவிடக் கைக்கு வரும் நான்கு சதவீதம் மேல்.

எதிர்ப்பு வலுவாக இருந்தது. சீட்டை விற்றுவிட்ட வீரனுக்கும் ஒரு பங்கு தர வேண்டும் என்றார் காங்கிரஸின் கீழவை உறுப்பினர் ஜேம்ஸ் மேடிசன். கீழவை அதை 36-க்கு 13 என்று தள்ளியது. அறம் மேடிசன் பக்கம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் வாங்கியவரின் உரிமையை அரசே பின்னால் திருத்தலாம் என்றாகிவிட்டால், அடுத்த பத்திரத்தை யாரும் முழு விலைக்கு வாங்கமாட்டார்கள் என்ற ஹாமில்டனின் வாதத்துக்கும் பதில் இல்லை. வர்ஜீனியா போன்ற மாநிலங்களின் குறை வேறு: தங்கள் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்ட நாங்கள் மற்றவர்களின் கடனையும் ஏன் சுமக்க வேண்டும்? கடைசியில், வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் எழுதிவைத்த குறிப்பின்படி, அவர் வீட்டு விருந்தில் பேரம் படிந்தது. தலைநகரம் தெற்கே பொட்டோமாக் நதிக்கரைக்குப் போகும். கடன் மத்திய அரசுக்குப் போகும். ஆகஸ்ட் 4 அன்று சட்டம் நிறைவேறியது.

விளைவுகள் சீக்கிரமே தெரிந்தன. சுமை இறங்கியதும் மாநிலங்கள் தங்கள் நேரடி வரிகளைப் பெருமளவு குறைத்துக்கொண்டன. முகமதிப்பில் நாலில் ஒரு பங்குக்கும் கீழே கிடந்த பழைய சீட்டுகளுக்குப் பதிலாக வந்த 6 சதவீதப் பத்திரங்கள் 1791-லேயே முழு மதிப்பைத் தொட்டன. அதுவரை பெட்டியில் முடங்கிய காகிதம் இப்போது முதலாயிற்று: புதிதாகத் தொடங்கிய அமெரிக்க ஐக்கிய மாநிலங்களின் வங்கியின் பங்குகளுக்குத் தனியார் கட்ட வேண்டிய தொகையில் முக்கால் பங்கைக் கடன்பத்திரமாகவே கட்டலாம். அதாவது அரசின் கடன் வங்கியின் மூலதனமாகி, வங்கி தரும் கடனாக வணிகத்துக்குள் பாய்ந்தது. சூதாட்டமும் கூடவே வந்தது. 1792-ல் வில்லியம் டூயர் என்ற ஊகவணிகர் திவாலாகிச் சந்தை சரிந்தபோது, ஹாமில்டன் அரசுப் பணத்தில் பத்திரங்களை வாங்கி விலையைத் தாங்கிப் பிடித்தார்.

விலை கொடுத்தவர்களும் உண்டு. சுங்கம் மட்டும் போதாது என்று 1791-ல் விஸ்கிக்குக் கலால் வரி வந்தது. பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதி விவசாயிக்கு விஸ்கி வெறும் குடியல்ல. தானியத்தை மலை தாண்டிக் கொண்டுபோகக் கட்டுப்படியாகும் ஒரே வடிவம். 1794-ல் அவர்கள் எழுந்தார்கள். குடியரசுத் தலைவர் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 பேர் கொண்ட படையைத் திரட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. ஷேய்ஸின் கோபம் ஊர் மாறி, பெயர் மாறித் திரும்ப வந்திருந்தது.

கடனை ஒழுங்காகத் தீர்க்கும் நாடு என்ற பெயரின் மதிப்பு 1803-ல் வெளிப்பட்டது. பிரான்சிடமிருந்து வாங்கிய லூசியானா நிலப்பரப்புக்கான 1.5 கோடி டாலர் விலையில் 1.125 கோடியை அமெரிக்கா 6 சதவீதப் பத்திரங்களாகவே கொடுத்தது. ஐரோப்பிய வங்கிகள் அவற்றை எடுத்துக்கொண்டு பிரான்சுக்குப் பணம் தந்தன.

இருந்தாலும் ஒருமுறை மத்திய அரசு கடனை ஏற்றுக்கொண்டால், மறுமுறையும் ஏற்கும் என்ற எதிர்பார்ப்பு முளைக்கும். 1830-களில் கால்வாய்க்கும் ரயில்பாதைக்கும் வங்கிகளுக்கும் மாநிலங்கள் கடன் வாங்கிக் குவித்தன. 1841, 42-ல் எட்டு மாநிலங்களும் புளோரிடா பிரதேசமும் தவணை தவறின. இம்முறை காங்கிரஸ் கைகொடுக்க மறுத்துவிட்டது. அதே 1842-ல் கடன் கேட்டு ஐரோப்பா போன மத்திய அரசின் தூதரும் வெறுங்கையோடு திரும்பினார். தவணை தவறிய பென்சில்வேனியாவுக்கும் மத்திய அரசுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கும் மனநிலையில் அங்கே யாரும் இல்லை. பல மாநிலங்கள் அதன்பின் தங்கள் அரசியல் சட்டங்களிலேயே கடனுக்கு வரம்பு எழுதிக்கொண்டன. மிசிசிப்பியோ வேறு வழியில் போயிற்று: வங்கிகளுக்காக வெளியிட்டுப் பிறகு தர முடியாது என்று தான் மறுத்த பத்திரங்களுக்கு ஒருபோதும் பணம் தரக்கூடாது என்று 1875-ல் தன் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்தது. இன்றுவரை தரவில்லை.