ஓடாத வண்டிக்கும் வயதாகும்

பழைய காரைப் பட்டறைக்கு ஓட்டி வருகிறவர் பெரும்பாலும் முதலில் சொல்வது கிலோமீட்டர் கணக்கைத்தான். "20 வருஷ வண்டி, ஆனா 38,000 தான் ஓடியிருக்கு." நல்ல விஷயம்தான். எஞ்சினில் சிலிண்டர், பிஸ்டன் ரிங் எல்லாம் தேயாமல் இருக்கும். ஆனால் அந்த எண்ணைக் கேட்டதும் நான் பானெட்டைத் திறந்து ரப்பரைத்தான் தொட்டுப் பார்ப்பேன். இரும்புக்குத்தான் கிலோமீட்டர் கணக்கு. ரப்பருக்கு வருஷக் கணக்கு. நிழலில் போர்த்தி நிறுத்தினாலும் காற்றும் சூடும் அதைத் தின்றுகொண்டே இருக்கும்.

போன ஏப்ரலில் நடந்தது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவரிடம் 2004 மாடல் மாருதி 800 இருக்கிறது. வாரத்தில் ஒருநாள் கடைத்தெரு, எப்போதாவது உறவினர் வீடு, அவ்வளவுதான் ஓட்டம். ஒரு கல்யாணத்துக்காகப் புதுக்கோட்டைக்குக் கிளம்பியிருக்கிறார். கீரனூர் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் மேலே ஏறியிருக்கிறது. ஓரமாக நிறுத்தலாமா என்று யோசிக்கும்போதே முள் கீழே இறங்கிவிட்டது. சரி, எஞ்சின் ஆறிவிட்டது என்று நினைத்து ஓட்டியிருக்கிறார். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை, வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது.

அந்த முள் இறங்கியதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறாதவர்களே குறைவு. சூட்டை அளக்கும் சென்சார் தண்ணீரில் மூழ்கி இருந்தால்தான் சரியாகக் காட்டும். தண்ணீர் மொத்தமும் வெளியே போய்விட்டால் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றுதான். முள் இறங்கிவிடும், எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும். ஏறிய முள் திடீரென்று காரணமில்லாமல் இறங்கினால் அது நல்ல செய்தி இல்லை. அந்த நொடியே எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனவரை எனக்குத் தெரியும்.

பட்டறைக்குக் கட்டி இழுத்து வந்து பார்த்தேன். எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே தண்ணீர் போகும் ரப்பர் குழாய், அதாவது மேல் ரேடியேட்டர் ஹோஸ், கிளிப் அழுத்தும் இடத்தில், விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கம்பெனியிலிருந்து வந்த அதே ஹோஸ்.

"தம்பி, இந்த வண்டி 40,000கூட ஓடலையேப்பா."

"சார், ஹோஸுக்கு அது தெரியாது. அதுக்கு 20 வயசு."

ஹோஸும் கிளிப்புகளும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஆனால் இந்த எஞ்சினின் மேல் பாகமான ஹெட் அலுமினியம். அதிகச் சூட்டில் வளைந்துவிடும். 0.05 மில்லிமீட்டர் வளைந்தாலே போதும், தலைமுடியைவிட மெல்லிய இடைவெளிதான், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்திருக்கும் கேஸ்கட் போய்விடும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பி ஃபேஸிங் பண்ணி, அதாவது சமமாகச் சீவி, புது கேஸ்கட் போட்டுத் திரும்ப ஏற்றியதில் அவருக்கு 12,000 ரூபாய்க்கு மேல் போனது. கல்யாணச் சாப்பாடும் போச்சு என்று அவர் மனைவிக்குத் தனி வருத்தம்.

ரேடியேட்டர் மூடியையும் கவனியுங்கள். அது வெறும் மூடி இல்லை, குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் இறுகிப்போனால் அழுத்தம் நிற்காது, ஏப்ரல் வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் கொதிக்கும். வீட்டில் குக்கர் விசில் வராவிட்டால் உடனே கேஸ்கட்டைப் பார்க்கிறோம் இல்லையா, இதுவும் அதேதான்.

அப்புறம் தண்ணீர். போர்வெல் தண்ணீரை ஊற்றாதீர்கள். வீட்டு ஹீட்டரில் வெள்ளையாகப் படியும் உப்பு ரேடியேட்டரிலும் படியும். கூலன்ட் என்பது கலர் தண்ணீர் இல்லை, துருவைத் தடுக்கிற மருந்தும் அதில் இருக்கிறது. அந்த மருந்தும் தீர்ந்துபோகும் என்பதால் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எங்கள் தொழிலில் இருக்கும் ஒரு கெட்ட பழக்கத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வண்டி சூடாகிறது என்று வந்தால், எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூரப் போட்டுவிடுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை சார்" என்பார்கள். சூடு குறைந்த மாதிரித்தான் தெரியும். ஆனால் எஞ்சின் தனக்கு வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து எம்பிஎஃப்ஐ வண்டியின், அதாவது கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டியின், கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும். மைலேஜ் இறங்கும். சூடானதற்கான உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டராகவோ சுற்றாத ஃபேனாகவோ அப்படியே இருக்கும். உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று அடுத்த சர்வீஸில் கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல மெக்கானிக் எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கூலிங் ஹோஸ் கிழிந்தால் பணம் போகும். பெட்ரோல் ஹோஸ் கிழிந்தால் வண்டியே எரியும். இப்போது நாடெங்கும் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் ரப்பர் பாகங்கள் அதைத் தாங்கும்படி செய்தவை. 2004-இல் செய்த ஹோஸ் அப்படி இல்லை, எத்தனால் பட்டால் அது ஊறி உப்பும், நாளாக இறுகி வெடிக்கும். கார்புரேட்டர் வண்டியில் அது சொட்டும். எம்பிஎஃப்ஐ வண்டியில் பம்பின் அழுத்தம் இருப்பதால் பீய்ச்சும், பக்கத்திலேயே கொதிக்கிற எஞ்சின். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் ஜன்னலை இறக்கிவிட்டு ஓட்டிப் போவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். டேங்கிலிருந்து எஞ்சின் வரை எங்கெல்லாம் ரப்பர் வருகிறதோ அத்தனையையும் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றச் சொல்லுங்கள். மீட்டர் கணக்கில் வெட்டி விற்கும் சாதாரண ஹோஸைச் செருகிவிட்டால் வேலைக்கு ஆகாது.

எஞ்சினின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டும் ரப்பர்தான். கிலோமீட்டர் ஆகவில்லை என்று 20 வருஷம் விட்டு வைக்கிறார்கள். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

டயரில் பட்டன், அதாவது தரையில் படும் வரிகள், தேயாமல் அப்படியே இருக்கிறது என்பார்கள். ஆனால் டயருக்கும் வருஷக் கணக்குதான். 145/70 ஆர் 12 என்று அளவு போட்டிருக்கும் அதே பக்கச் சுவரில், ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பெரியவரின் ஸ்டெப்னியில் அது 04 என்று முடிந்தது. நகத்தால் கீறினால் பொடி உதிர்ந்தது.

பிரேக்கில் இரண்டு விஷயம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் சிலிண்டர்கள் உள்ளே துருப்பிடித்து ரப்பர் கப்பைக் கிழிக்கும். மாதக்கணக்கில் நிறுத்தும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், பின் டிரம்மில் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

"எஃப்சி இப்பத்தானே எடுத்தோம்" என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றுதான் எஃப்சி. சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்ததும் அதை எடுத்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை. ஆனால் அந்தச் சோதனையில் லைட், பிரேக், புகை பார்ப்பார்களே தவிர, ஹோஸை யாரும் அழுத்திப் பார்க்க மாட்டார்கள். நீங்களே பாருங்கள். எஞ்சின் ஆறியபின் ஹோஸை வளைத்துப் பிழியுங்கள். சப்பாத்தி மாவு மாதிரி தொளதொளவென்று இருந்தாலும் தப்பு, கட்டை மாதிரி இறுகி இருந்தாலும் தப்பு.

பாகங்கள் கிடைக்குமா என்ற பயம் 800-க்கு வேண்டாம். 1983-இல் வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற வண்டி. அதே 796 சிசி எஞ்சின் ஆம்னியில் 2019 வரை வந்தது. ரப்பர் பாகங்களை மட்டும் கடையில் வருஷக்கணக்கில் தொங்கியதாக வாங்காமல், வளைத்துப் பார்த்து வாங்குங்கள்.

தலைமையாசிரியர் இப்போது டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார். ஹோஸ், பெல்ட், டயர், மூடி என்று ஒவ்வொன்றுக்கும் மாற்றிய தேதியை எழுதி, எதிரே அடுத்த தேதியைச் சிவப்பு மையில் போட்டிருக்கிறார். போன வாரம் வந்தபோது ஃபேன் பெல்ட்டுக்கு நேரே தேதி இல்லை என்று காட்டி, "இதை ஏன்ப்பா விட்டே?" என்றார். அதையும் மாற்றிக் கொடுத்து அனுப்பினேன்.