கேமரா ஓடுகிறது, முகம் மட்டும் தெரியவில்லை

சிசிடிவி சர்வீஸ் வேலையில் எனக்கு அடிக்கடி வரும் புகார் இது: "கேமரா நல்லாத்தான் ஓடுது, ஆனா ஆளு யாருன்னு தெரியல." பெரும்பாலும் ஏதாவது காணாமல் போன பிறகுதான் இந்த அழைப்பு வரும். நின்றுபோன கேமராவை யாராவது அன்றைக்கே கவனித்துவிடுவார்கள். மங்கிப்போன கேமரா மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், திரையில் ஏதோ ஒரு படம் ஓடிக்கொண்டிருப்பதால். மங்கலாகவே பதிவான முகத்தைப் பின்னால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. சரிசெய்வதை முன்கூட்டியே செய்தாக வேண்டும்.

யார் அழைத்தாலும் நான் முதலில் கேட்பது, எப்போது மங்கலாகிறது என்பதைத்தான். எந்நேரமுமா, இரவில் மட்டுமா, யாராவது நடக்கும்போது மட்டுமா, போனில் பார்க்கும்போது மட்டுமா? இதற்குப் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது.

போனில் மட்டும் என்றால் கவலை வேண்டாம். கேமரா ஒரே நேரத்தில் இரண்டு படங்களை அனுப்புகிறது. பெரியது மெயின் ஸ்ட்ரீம், சிறியது சப் ஸ்ட்ரீம். இணைய வேகத்தை மிச்சப்படுத்த, போன் செயலி பெரும்பாலும் சிறியதைத்தான் காட்டும். அதன் அளவு 640×360 பிக்சல் போலத்தான் இருக்கும். செயலியில் எச்டி என்று மாற்றிப் பாருங்கள். ஆனால் டிவிஆரில், அதாவது வீடியோவைச் சேமிக்கும் பெட்டியில், பதிவாவது மெயின் ஸ்ட்ரீம்தானா என்பதையும் கூடவே பார்த்துவிடுங்கள். சப் ஸ்ட்ரீமே பதிவாகிக்கொண்டிருந்த இடங்களும் உண்டு.

இரவில் மட்டும் மங்கல் என்பதுதான் அதிகம் வரும் புகார், காரணங்களும் இதில்தான் அதிகம். சமீபத்தில் ஒரு வாசல் கேமரா பார்த்தேன். பகலில் வண்டி எண் வரை தெரிகிறது, இருட்டிய பிறகு படம் முழுக்கப் பால் ஊற்றியது போல வெளுத்துவிடுகிறது. பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால் லென்ஸுக்கு முன்னால் குறுக்காக ஒரே ஒரு சிலந்தி இழை. கேமராவின் அகச்சிவப்பு விளக்கு, அதாவது ஐஆர், சில சென்டிமீட்டரில் இருக்கும் அந்த இழையில் பட்டுத் திரும்பி லென்ஸுக்குள் விழுகிறது. வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் கேமரா தன் எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே எடுக்கும் ஒளியின் அளவை, குறைக்க, பின்னால் இருப்பதெல்லாம் இருண்டுபோகிறது. இழை காற்றில் ஆடினால், அசைவு தெரிந்தால் மட்டும் ஓட வேண்டிய மோஷன் பதிவும் இரவெல்லாம் ஓடி ஹார்ட் டிஸ்க்கைத் தின்றுவிடும். அடிக்கடி வலை கட்டும் இடமென்றால் கேமராவின் ஐஆரை அணைத்துவிட்டு, சற்றுத் தள்ளி ஒரு தனி விளக்கு வைப்பதுதான் நிரந்தரத் தீர்வு.

அரைக்கோள வடிவ மூடி போட்ட டோம் கேமராவில் இன்னொன்று உண்டு. லென்ஸைச் சுற்றி ஒரு ரப்பர் அல்லது ஸ்பாஞ்சு வளையம் இருக்கும். அது மூடியோடு ஒட்டி நிற்க வேண்டும். கழற்றி மாட்டும்போது இடைவெளி விழுந்துவிட்டால் ஐஆர் உள்ளேயே எதிரொளித்துப் படத்தில் வெள்ளை வளையம் விழும். புதிதாக மாட்டிய கேமராவில் மூடியின் பாதுகாப்பு ஃபிலிமை உரிக்காமல் விட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

துடைப்பதில் அவசரம் கூடாது. முதலில் தூசியை ஊதித் தள்ளி, அப்புறம் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் துடையுங்கள். காய்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் விழும் கீறல் பகலில் தெரியாது, இரவில் ஐஆர் பட்டதும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பிளாஸ்டிக் மூடியை மங்கச் செய்துவிடும். மூடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருந்தால் வெளியே துடைத்துப் பயனில்லை. கேபிள் நுழையும் ஓட்டையை அடைத்து, ரப்பர் சீலைச் சரிசெய்துவிட்டு, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்று வைக்க வேண்டும்.

அடுத்தது ஃபோகஸ். வெயிலும் அதிர்வும் சேர்ந்து லென்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திவிடும். ஐஆர் ஒளி, கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் அதே இடத்தில் குவிவதில்லை. அதனால் நண்பகலில் கச்சிதமாக வைத்த ஃபோகஸ் இரவில் லேசாக விலகிவிடலாம். கையால் திருப்பும் லென்ஸாக இருந்தால் இருட்டிய பிறகு, ஐஆர் எரியும்போது ஃபோகஸ் வையுங்கள், மறுநாள் பகலிலும் ஒருமுறை சரிபாருங்கள். இரவானதும் படம் மங்கி, கூடவே அணைந்து அணைந்து எரிந்தால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். ஐஆர் எரியும்போது கேமரா அதிக மின்சாரம் இழுக்கும். நீளமான மெல்லிய கேபிளில் 12 வோல்ட் முழுதாகப் போய்ச் சேராது.

நிற்கும் பொருள் தெளிவு, நடக்கும் ஆள் மட்டும் மங்கல் என்றால் லென்ஸைத் தொடாதீர்கள். அது ஷட்டர் வேலை, அதாவது ஒவ்வொரு படத்துக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். இருட்டில் வெளிச்சம் சேர்க்க கேமரா ஷட்டரை 1/25 நொடி வரை திறந்து வைக்கும். நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் குறுக்கே நடப்பவர் அந்த நேரத்துக்குள் 6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகத்தின் அகலமே ஏறக்குறைய 15 சென்டிமீட்டர்தான். அப்புறம் எப்படி அடையாளம் தெரியும்? ஷட்டரை 1/100 ஆக்குங்கள். படம் இருட்டாகும், அதை ஒரு விளக்கு போட்டுச் சரிசெய்யுங்கள். இருட்டுப் படத்தில் தெரியும் புள்ளிகளைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷனை உச்சத்தில் வைத்திருந்தாலும் நடப்பவருக்குப் பின்னால் வால் போல நிழல் இழுக்கும். அதை நடுத்தரத்துக்குக் கொண்டுவாருங்கள்.

யாரும் பார்க்காத இடம் பிட்ரேட், அதாவது ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடும் டேட்டா அளவு. 2 மெகாபிக்சல் கேமராவை எச்.264 என்ற வீடியோ சுருக்க முறையில் பதிவுசெய்ய 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) அளவுக்கு வைப்பது நல்லது. பதிவு அதிக நாள் நிற்க வேண்டும் என்று 512 கேபிபிஎஸ்ஸுக்கு, அதாவது ஏறக்குறைய எட்டில் ஒரு பங்குக்கு, இறக்கிவிடுகிறார்கள். சும்மா இருக்கும் சுவர் அப்போதும் அழகாகத்தான் தெரியும், ஆள் நுழைந்தவுடன் முகம் கட்டம் கட்டமாக உடையும். கணக்கைச் சொல்லிவிடுகிறேன்: 4 எம்பிபிஎஸ் என்றால் ஒரு கேமராவுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 43 ஜிபி. நான்கு கேமராவுக்கு 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூட முழுதாக வராது. நாள் அதிகம் வேண்டுமானால் பெரிய டிஸ்க் போடுங்கள், அல்லது இன்னும் நன்றாகச் சுருக்கும் எச்.265-க்கு மாறுங்கள். படத்தின் தரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் தூரத்து முகம் தெரியவில்லை என்றால் அது பழுதே இல்லை, தப்பான லென்ஸ். அறிமுகமில்லாத ஒருவரை அடையாளம் காண, அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல் வேண்டும் என்றது கண்காணிப்புக் கேமராக்களுக்கான சர்வதேசத் தரநிலை ஐஈசி 62676-4-இன் 2014 பதிப்பு. 2 மெகாபிக்சல் படத்தின் அகலம் 1920 பிக்சல். 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் ஏறக்குறைய 100 டிகிரி விரித்துக் காட்டும். இந்தக் கணக்குப்படி முகம் அடையாளம் தெரிவது மூன்று மீட்டர் சொச்சம் வரைதான். பதினைந்து மீட்டர் தள்ளியுள்ள கேட்டுக்கு இந்தக் கேமராவை மாட்டிவிட்டு ஜூம் செய்து பார்த்தால் பிக்சல்தான் பெரிதாகும். அந்தக் கேட்டுக்கென்று 12 மில்லிமீட்டர் வரை நீளும் லென்ஸோடு ஒரு கேமரா போடுங்கள்.

சம்பவம் நடந்துவிட்டது, படமும் மங்கல் என்றால் இரண்டு விஷயங்களில் நான் கறாராக இருப்பேன். மானிட்டரைப் போனில் படம்பிடித்து அனுப்பாதீர்கள், டிவிஆரிலிருந்து மூலக் கோப்பையே பென் டிரைவில் எடுங்கள். ஏஐ செயலியில் போட்டு முகத்தைத் தெளிவாக்காதீர்கள். அது தான் கற்ற முகங்களிலிருந்து ஒரு புது முகத்தை வரைந்து கொடுக்கும். அந்தச் சாயலில் இருக்கும் ஒரு நிரபராதி மாட்டிக்கொள்வார்.

இன்று இரவே ஒரு சோதனை செய்துவிடுங்கள். கேமராவுக்கு முன்னால் ஒருவரைச் சாதாரண வேகத்தில் நடக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவை டிவிஆரில் போட்டு, அவர் உங்களுக்கு எங்கே முக்கியமோ அந்த இடத்துக்கு வரும்போது நிறுத்திப் பாருங்கள். முகம் தெரியவில்லை என்றால் அந்தத் துண்டை அப்படியே எடுத்து வைத்து, சர்வீஸுக்கு வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.